உற்பத்தி நின்றுபோன அக்ரிவ் ஸ்பீக்கர்களைத் திருத்துவது: யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளிநாட்டு உறவுகள் வீடு மாறும்போதும் ஊர் திரும்பும்போதும் கப்பலில் அனுப்பும் பெட்டிகளோடு நல்ல அக்ரிவ் ஸ்பீக்கர்களும் யாழ்ப்பாணத்துக்கு வந்து சேர்கின்றன. பாங் அண்ட் ஒலுஃப்சன், ஜெனலெக், மெரிடியன், ஏடிசி, பழைய பிலிப்ஸ் எம்எஃப்பி என்று பல பெயர்கள். புதிதில் பெரும் விலை போனவை. அந்த மொடல்களில் பலவற்றை இன்று யாரும் செய்வதில்லை. உள்ளே அம்ப் (ஒலிச் சிக்னலைப் பெருக்கும் சுற்று) பழுதானதும் "இனிச் சரிவராது" என்று மூலையில் போட்டுவிடுகிறார்கள். பெரும்பாலானவை சரிவரும். திருத்தக் கொண்டுவருபவர்களும் தாங்களே திறந்து பார்க்க நினைப்பவர்களும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

அக்ரிவ் ஸ்பீக்கர் என்றால் அம்ப் உள்ளே இருக்கும் ஸ்பீக்கர், அவ்வளவுதானே?

இல்லை. சாதாரணப் பெட்டியில் வெளி அம்ப் பெருக்கி அனுப்பும் மின்சாரம், சுருளும் கப்பாசிற்றரும் கொண்ட குறொஸ்ஓவரில் பிரிந்து, தாழ் ஒலிக்கான வூபருக்கும் உயர் ஒலிக்கான ருவீற்றருக்கும் போகிறது. அக்ரிவ் பெட்டியில் வரிசை மாறும். சிறிய சிக்னலாக இருக்கும்போதே தாழ் ஒலி, உயர் ஒலி என்று பிரித்துவிட்டு, பிறகு ஒவ்வொன்றையும் தனித்தனி அம்பால் பெருக்குகிறார்கள். வூபருக்கு ஓர் அம்ப், ருவீற்றருக்கு இன்னொன்று. ஒலிப் பொறியியலாளர் சீக்ஃபிரீட் லிங்க்விட்ஸ் 1976இல் வெளியிட்ட, பிரிக்கும் புள்ளிக்கு அப்பால் ஒக்டேவுக்கு (அதிர்வெண் இரட்டிப்பாகும் ஒவ்வொரு படிக்கும்) 24 டெசிபெல் சரியும் குறொஸ்ஓவரைப் பல பெட்டிகளில் பார்க்கலாம்.

இதோடு, அந்த வூபர் எங்கே தளர்கிறது, அந்தப் பெட்டி எங்கே முழங்குகிறது என்று அளந்து அதற்கேற்ற திருத்தத்தையும் அதே போர்டில் வைத்திருப்பார்கள். அளவுக்கு மேல் சத்தம் போனால் தணிக்கும் பாதுகாப்பும் அங்கேயே இருக்கும். அம்பும் குறொஸ்ஓவரும் டிரைவரும் (வூபர், ருவீற்றர் போன்ற ஒலி எழுப்பும் பகுதி) பெட்டியும் சேர்ந்துதான் ஒரு ஸ்பீக்கர்.

அப்படியென்றால் பழுதான அம்பைக் கழற்றிவிட்டு, வெளி அம்பில் இருந்து நேரே வயர் கொடுக்கலாமா? கடையில் அப்படிச் செய்து தருவதாகச் சொல்கிறார்கள்.

தயவுசெய்து செய்யாதீர்கள். இந்தப் பக்கத்தில் நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்.

பல அக்ரிவ் பெட்டிகளில் ருவீற்றருக்கும் அதன் அம்புக்கும் நடுவில் ஒரு கப்பாசிற்றர்கூட இருக்காது. உள் அம்ப் உயர் ஒலியை மட்டும் அனுப்பும் என்ற நம்பிக்கையில் நேரே இணைத்திருப்பார்கள். அந்த ருவீற்றரில் வெளி அம்பின் முழு ஒலியையும் கொடுத்தால், முதல் பாட்டு முடியுமுன் சுருள் கருகிவிடும். அம்பை எப்படியும் திருத்தலாம். அந்த மொடலுக்குரிய ருவீற்றர் இனிக் கிடைக்காமல் போகலாம்.

"அப்போ கடையில் விற்கும் குறொஸ்ஓவர் ஒன்றைப் போடுவோம்" என்பார்கள். சத்தம் வரும், ருவீற்றரும் தப்பலாம். ஆனால் அந்தப் பெட்டிக்கென்று அளந்து வைத்த திருத்தம் முழுவதும் போய்விடும். வீட்டில் மிஞ்சுவது வெளித்தோற்றம் அழகான ஒரு சாதாரணப் பெட்டிதான். 50 ரூபா கப்பாசிற்றர் ஒன்று பழுதானதற்காக அப்படிச் செய்துவிட்டுப் போன பெட்டிகளைப் பார்க்கும்போது மனம் தாங்காது.

கனடாவில் இருந்து வந்தது. பிளக்கைக் குத்தியதும் "படார்" என்றது. முடிந்ததா கதை?

கனடாவில் 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். இங்கே 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். பின்பக்க லேபலில் எழுதியிருப்பதை வாசிக்காமல் குத்தினால் இப்படித்தான் நடக்கும். ஆனாலும் கதை முடிந்துவிட்டது என்று உடனே சொல்ல முடியாது. எது வெடித்தது என்பதைப் பொறுத்தது.

உள்ளே பெரிய வட்ட ரான்ஸ்போமர் இருந்தால் பெரும்பாலும் பியூஸ்தான் போயிருக்கும். நேரத்துக்குப் பியூஸ் போயிருந்தால் ரான்ஸ்போமர் தப்பியிருக்கும். நிறையக் கம்பனிகள் ஒரே ரான்ஸ்போமரில் 115 வோல்ற் சுருள் இரண்டை வைப்பார்கள். அங்கே சமாந்தரமாக இணைத்திருப்பதை இங்கே தொடராக மாற்றினால் போதும், பெட்டி 230க்கு உரியதாகிவிடும். பியூஸின் அம்பியர் அளவையும் பாதியாக்க மறக்கக்கூடாது.

சுவிச்சிங் பவர் சப்ளை (பெரிய ரான்ஸ்போமர் இல்லாமல், கரண்டை வேகமாக வெட்டி வெட்டி மாற்றும் வகை) என்றால் வேறு கதை. 115/230 என்று சின்னச் சுவிச் வைத்த வகையில், 115 பக்கத்தில் இருக்கும்போது உள்ளே வோல்ற்றை இரட்டிப்பாக்கும் சுற்று வேலை செய்யும். அதில் 230 கொடுத்தால், 200 வோல்ற் தாங்கும் இரண்டு கப்பாசிற்றர்களுக்குக் குறுக்கே ஏறக்குறைய 650 வோல்ற் ஏறும். வெடித்தது அவையாக இருந்தால் பவர் சப்ளைப் பகுதியை முழுதாகப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அதற்கு அப்பால் இருக்கும் அம்பும் டிரைவர்களும் தப்பியிருக்கும்.

ஒரே ஒரு 120 வோல்ற் சுருள் மட்டும் உள்ள ரான்ஸ்போமர் என்றால் வெளியே இறக்கும் ரான்ஸ்போமர் ஒன்று தேவை. 60 ஹேர்ட்ஸுக்கு மட்டும் செய்த ரான்ஸ்போமர் 50இல் கூடுதலாகச் சூடாகும், உறுமும். அரை மணித்தியாலம் ஓடவிட்டுக் கைவைத்துப் பாருங்கள். தொடமுடியாத சூடு என்றால், அந்த அளவுக்கு 230 வோல்ற் ரான்ஸ்போமர் ஒன்றைச் சுற்றுவிப்பதே நல்லது.

உயிரே இல்லை, லைற்றும் எரியவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

பியூஸ், பவர் வயர், சுவிச். பிறகு ஸ்ராண்ட்பை சப்ளை, அதாவது பெட்டி தூங்கும்போதும் விழித்திருக்கும் சின்னப் பகுதி. ஆண்டுக்கணக்காக இரவும் பகலும் சூட்டில் இருக்கும் அதன் கப்பாசிற்றர்தான் பெரும்பாலும் முதலில் காய்ந்துபோகிறது. "போட்டுப் பத்து நிமிஷம் கழித்துத்தான் வேலை செய்கிறது" என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் சந்தேகம் அதில்தான்.

பாங் அண்ட் ஒலுஃப்சன் பெட்டிகளில் இன்னொரு விஷயம். அவர்களுடைய பவர்லிங்க் வயரில் பாட்டோடு சேர்த்து, "எழும்பு" என்று சொல்லும் ஒரு சிறு வோல்ற்றேஜும் வருகிறது. அது வராவிட்டால் பெட்டி எழும்பாது. பழுதென்று கொண்டுவருபவற்றில் சில பழுதே இல்லாதவை. பொருந்தாத வயரில் இணைத்திருப்பார்கள், அவ்வளவுதான்.

உர்ரென்ற சத்தம் வருகிறது. எர்த்தை வெட்டிவிட்டால் நின்றுவிடும் என்கிறார்களே?

எர்த்தை வெட்டவே கூடாது. உள்ளே ஒரு வயர் கழன்று உலோகத்தில் பட்டால் உயிர் போகும்.

முதலில் எந்த உர்ர் என்று கேளுங்கள். உள்ளீட்டு வயரைக் கழற்றிவிட்டுப் போடுங்கள். சத்தம் நின்றுவிட்டால் பழுது வெளியே, அது எர்த் சுற்றிவரும் 50 ஹேர்ட்ஸ் உறுமல். இரண்டு ஸ்பீக்கரையும், பாட்டு வரும் கருவியையும் ஒரே சுவர்ப் பிளக்கில் இருந்து எடுங்கள். பலன்ஸ்ட் வயர் (வெளி இரைச்சலை நீக்க இரண்டு சிக்னல் கம்பிகள் உள்ள வயர்) போடக்கூடிய பெட்டி என்றால் அதையே போடுங்கள். வயரைக் கழற்றியும் நிற்காமல், சற்று மேலான சுருதியில் 100 ஹேர்ட்ஸாகக் கேட்டால் பழுது உள்ளே. பெரும்பாலும் வடிகட்டும் பெரிய கப்பாசிற்றர்கள் தளர்ந்திருக்கும்.

பழைய கப்பாசிற்றர்கள் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றிவிடலாமா?

இலத்திரோலைற்றிக் வகையை (உள்ளே காய்ந்துபோகக்கூடிய திரவம் உள்ளது) மாற்றலாம், அதுவும் யோசித்து. பத்து பாகை சூடு கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது தொழிலில் எல்லோரும் கைக்கொள்ளும் கணக்கு. ஐரோப்பாவில் இருபது பாகை அறையில் இருக்கும் என்று நினைத்துச் செய்த பெட்டி, சித்திரை வைகாசியில் நம் வீட்டில் முப்பத்தைந்தில் இருக்கிறது. மூடிய பெட்டிக்குள் இன்னும் அதிகம். ஆகவே 85 பாகை என்று எழுதியதைக் கழற்றினால் 105 பாகை வகையைத்தான் போட வேண்டும். சூட்டை வெளியேற்றும் உலோகப் பகுதியான ஹீற்சிங்குக்குப் பக்கத்திலும், 15 வோல்ற் ரெகுலேற்றருக்குப் பக்கத்திலும் இருப்பவை முதலில் போகும். அங்கே போர்ட் பழுப்பேறியிருப்பது கண்ணுக்கே தெரியும்.

பிலிம் வகைக் கப்பாசிற்றர்களைத் தொடாதீர்கள். குறொஸ்ஓவர் பிரிக்கும் புள்ளியை அவையும் தடையிகளும்தான் நிர்ணயிக்கின்றன. அவை பழுதாவது அபூர்வம். விலை கூடியது என்று வேறு பெறுமானத்தில் போட்டால் ஸ்பீக்கரின் குரலே மாறிவிடும்.

மாற்றுமுன், கப்பாசிற்றரின் உள் தடையைக் காட்டும் ஈஎஸ்ஆர் மீற்றரால் அளந்து பாருங்கள். வீங்காத கப்பாசிற்றரும் பழுதாக இருக்கும்.

போர்டில் பழுப்பு நிறமாக ஏதோ ஒட்டியிருக்கிறது. கசிவா?

சிலவேளை கசிவு, சிலவேளை பசை. 80களிலும் 90களிலும் பெரிய உறுப்புகள் ஆடாமல் இருக்க மஞ்சள் பசை வைத்தார்கள். சூட்டில் காலம் போகப்போக அது கடும் பழுப்பாகி, மெல்ல மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கும். உறுப்புகளின் கால்களையும் அரிக்கும். பழுது ஒரு நாள் வரும், மறுநாள் வராது. மீற்றரை வைத்தால் எல்லாம் சரியாகக் காட்டும். இப்படி ஆட்டம் காட்டும் பெட்டிகளில் முதலில் பசையைத்தான் பார்க்க வேண்டும். பொறுமையாகச் சுரண்டி, ஐசோபுரோப்பைல் அல்கஹோலால் துடைத்து, அடியில் இருந்த டயோட், தடையிக் கால்களைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். பச்சையோ கறுப்போ பிடித்த கால் என்றால் உறுப்பை மாற்றிவிடுங்கள்.

அம்ப் ரான்சிஸ்டர் இப்போது செய்வதில்லையாம். "அதே மாதிரி" ஒன்றைப் போட்டால் போதுமா?

எதைப் போன்றது என்பதைப் பொறுத்தது. எல்எம்3886, டிடிஏ7294 போன்ற ஒற்றைச் சில்லு அம்ப்கள் பல பெட்டிகளில் இருக்கின்றன. அவற்றை மாற்றுவது எளிது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். அவற்றின் உலோக முதுகு மறை மின் வழங்கலோடு இணைந்தது. பழைய மைக்கா தாளைத் தொலைத்துவிட்டு நேரே ஹீற்சிங்கில் இறுக்கினால் போட்டவுடன் போய்விடும். எல்எம்3886இல் பிளாஸ்ரிக் முதுகு உள்ள வகையும் உண்டு. அதற்கு மைக்கா வேண்டாம்.

லற்றரல் மொஸ்ஃபெற் என்ற ரான்சிஸ்டர் வகையில்தான் நிறையப் பேர் தவறு விடுகிறார்கள். ஹிற்றாச்சியின் 2எஸ்கே1058, 2எஸ்ஜே162 சோடி இப்போது செய்யப்படுவதில்லை. கடையில் கேட்டால் ஐஆர்எஃப்பி240ஐக் கையில் தருவார்கள். உருவம் ஒன்றுதான், கால் வரிசை வேறு. ஹிற்றாச்சியில் கேற், சோர்ஸ், டிரெயின். ஐஆர்எஃப்பியில் கேற், டிரெயின், சோர்ஸ். கால்களை வளைத்துச் சரிப்படுத்தினாலும், அது திறக்கும் வோல்ற்றேஜ் மிகக் கூட. சூட்டில் நடந்துகொள்ளும் விதமும் எதிர். லற்றரல் சூடானால் தானே மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்ளும். மற்றது அந்தச் சுற்றில் சூடாகச் சூடாகக் கூட்டிக்கொண்டே போகும். எக்சிகோன் செய்யும் லற்றரல் சோடிதான் சரியான மாற்று.

புறக்கோட்டையில் வாங்கிய புதிய ரான்சிஸ்டர் ஒரு கிழமையில் போய்விட்டது. ஏன்?

போலியாக இருக்கலாம். 2எஸ்சி5200, 2எஸ்ஏ1943 சோடியில் போலி உலகெங்கும் மலிந்து கிடக்கிறது. உள்ளே இருக்க வேண்டிய சிலிக்கன் துண்டுக்குப் பதில் சிறியதொன்றை வைத்து, மேலே பெயரை அடித்துவிடுகிறார்கள். மீற்றரில் நல்லதாகக் காட்டும், மெல்லிய சத்தத்தில் பாடும். சத்தத்தைக் கூட்டினால் போய்விடும். போனதை உடைத்துப் பாருங்கள், பழைய அசலையும் உடைத்துப் பக்கத்தில் வையுங்கள். வித்தியாசம் தெரியும்.

தடையி, டயோட், சாதாரணக் கப்பாசிற்றர் எல்லாம் யாழ்ப்பாண நகரிலும், கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவிலும் வாங்கலாம். அம்பின் கடைசிப் படி ரான்சிஸ்டரை மட்டும் மவுசர், டிஜிகீ, ஃபார்னெல் போன்ற அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம்தான் எடுக்க வேண்டும். ஊருக்கு வரும் சொந்தக்காரரிடம் சொன்னால் கைப்பையில் கொண்டுவந்து தருவார்கள். பத்து ரான்சிஸ்டர் பெரிய பாரம் இராது. அதற்காக ஒரு மாதம் காத்திருப்பது நியாயமான காத்திருப்பு.

திருத்தியாயிற்று. நேரே பிளக்கில் போடலாமா?

போடாதீர்கள். வூபரையும் ருவீற்றரையும் கழற்றி வைத்துவிட்டு, உயிர் வயரில் தொடராக 60 அல்லது 100 வாற் பழைய இழை பல்ப் ஒன்றைப் போட்டுக் கரண்ட் கொடுங்கள். எல்இடி பல்ப் உதவாது. பல்ப் ஒருமுறை பளிச்சென்று மின்னி மங்கினால் நல்லது, பெரிய கப்பாசிற்றர்கள் நிரம்புகின்றன என்று பொருள். மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே இன்னும் சோர்ட் இருக்கிறது. அந்த வெளிச்சம் உங்கள் ரான்சிஸ்டர்களைக் காப்பாற்றியிருக்கிறது, அணைத்துவிட்டுத் தேடுங்கள். சுவிச்சிங் சப்ளை பல்போடு சேர்ந்து மின்னி மின்னி அணையலாம். அதை மட்டும் வைத்துப் பழுதென்று முடிவெடுக்காதீர்கள்.

பிறகு ஒவ்வோர் அம்பின் வெளியீட்டிலும் நேர்மின் (டிசி) வோல்ற்றேஜை அளந்து பாருங்கள். சில பத்து மில்லிவோல்றுக்குள் இருக்க வேண்டும். அரை வோல்ற் இருந்தால்கூட ருவீற்றரை மாட்டாதீர்கள்.

அடுத்தது பயஸ், அதாவது பாட்டு இல்லாதபோதும் ரான்சிஸ்டரில் ஓடும் சிறு மின்னோட்டம். ரான்சிஸ்டரின் எமிற்றர் தடையி 0.22 ஓம் என்றும், சேர்விஸ் மனுவல் 50 மில்லிஅம்பியர் என்றும் சொன்னால், அந்தத் தடையிக்குக் குறுக்கே 11 மில்லிவோல்ற் காட்ட வேண்டும். முதலில் பயஸைக் குறைந்த பக்கம் திருப்பி வைத்துவிட்டு மெல்லக் கூட்டுங்கள். ஹீற்சிங்க் சூடேறிய பின் இன்னொரு முறை பார்த்துச் சரிசெய்யுங்கள்.

சுவிச்சிங் சப்ளைக்குள் கைவைப்பவர்களுக்கு: பிளக்கைக் கழற்றிய பிறகும் பெரிய கப்பாசிற்றரில் 325 வோல்ற் நிற்கலாம். 10 கிலோஓம், 5 வாற் தடையி ஒன்றைக் காப்பிட்ட பிடியோடு அரை நிமிஷமாவது வைத்து இறக்குங்கள், மீற்றரால் உறுதிசெய்யுங்கள். திருகாணிச் செலுத்தியால் சோர்ட் பண்ணும் பழக்கம் வேண்டாம்.

சேர்விஸ் மனுவல் கிடைக்கவில்லை. என்ன செய்வது?

பிலிப்ஸுக்கும் பாங் அண்ட் ஒலுஃப்சனுக்கும் பழைய மனுவல்கள் இணையத்தில் நிறைய உண்டு. கிடைக்காத மொடல் என்றால் உங்களிடம் இருக்கும் மற்ற ஸ்பீக்கர்தான் மனுவல். நல்லதையும் பழுதானதையும் பக்கத்தில் வைத்து, ஒரே புள்ளிகளை இரண்டிலும் அளந்துகொண்டே போனால் எங்கே விலகுகிறது என்று தெரியும். அதனால்தான் ஒன்று மட்டும் பழுதென்றாலும் இரண்டையும் கொண்டுவாருங்கள் என்கிறேன். ஒன்றில் காய்ந்த கப்பாசிற்றர் மற்றதிலும் காய்ந்துகொண்டுதான் இருக்கும்.

வூபரின் ஓரத்து ஸ்பொஞ்ச் தொட்டால் உதிர்கிறது.

பொலியூரிதேன் ஸ்பொஞ்ச் ஈரப்பதத்தில் சிதையும். கடற்காற்று வீசும் ஊரில் இன்னும் கெதியாக. வூபரை எறியாதீர்கள், ஓரம் மட்டும் தனியாக வாங்கலாம். விட்டத்தை இரண்டு இடத்தில் அளந்து அனுப்புங்கள்: கூம்பின் வெளி ஓரம், சட்டத்தின் உள் ஓரம். ஒட்டும்போது சுருள் காந்த இடைவெளியில் உரசாமல் நடுவில் நிற்க வேண்டும். 20, 30 ஹேர்ட்ஸ் ஒலியை மெல்லக் கொடுத்துக்கொண்டு ஒட்டினால் உரசல் காதிலேயே கேட்கும். ரப்பர் ஓரம் இருந்ததற்கு ஸ்பொஞ்ச் போடாதீர்கள். பாரம் மாறும், அளந்து வைத்த திருத்தம் பொருந்தாது.

பழைய பிலிப்ஸ் எம்எஃப்பிக்கு வேறு வூபர் போடலாமா?

முடியாது. 70களில் வந்த அந்தப் பெட்டிகளின் வூபர் கூம்பில் அசைவை அளக்கும் ஓர் உணரி இருக்கிறது. கூம்பு சொன்னபடி அசைகிறதா என்று அம்ப் அதை வைத்துத் திருத்திக்கொண்டே இருக்கும். உணரி இல்லாத வூபரைப் போட்டால் அந்தச் சுற்றுக்கே வேலை இல்லை. அசல் வூபரைத்தான் திருத்த வேண்டும்.

கொழும்புக்கு அனுப்பாமல் யாழ்ப்பாணத்தில் இதெல்லாம் முடியுமா?

அனலொக் பெட்டிகள் என்றால் தாராளமாக. 1990களில் ஊர் முழுக்க மின்சாரம் இல்லாமல், பற்றரிக்குத் தடை இருந்த காலத்தில், சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட இடம் இது. அந்தக் காலத்துத் திருத்துநர்களிடம் பழகியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சுற்று விளங்கும். நல்ல உறுப்பும் போதிய நேரமும் கொடுத்தால் சரி.

டிஜிற்றல் சிக்னலை உள்ளேயே கையாளும் பெட்டிகளில் எல்லை உண்டு. மெரிடியன் டிஎஸ்பி5000இல் பவர் சப்ளையும் அம்பும் திருத்தக்கூடியவை. புரோகிராம் வைத்த சில்லு போனால் அதே மொடலின் இன்னொரு போர்டைத்தான் தேட வேண்டும். 2003இல் வந்த பியோலாப் 5 போன்றவற்றில் ஐஸ்பவர் அம்ப் முழு மொடியூலாக இருக்கும். பெரும்பாலும் முழுதாக மாற்றுவதே வழி.

எதுவுமே கிடைக்காத கட்டத்தில் ஹைப்பெக்ஸ் ஃபியூஷன்அம்ப் போன்ற, டிஎஸ்பியோடு (டிஜிற்றல் முறையில் ஒலியைப் பிரித்துத் திருத்தும் சில்லு) வரும் பின்பலகை அம்பைப் போடலாம். வெளி அம்பில் இணைப்பதைவிட இது எவ்வளவோ மேல், ஏனென்றால் ஒவ்வொரு டிரைவருக்கும் தனி அம்பும் திருத்தமும் தொடர்ந்து இருக்கும். ஆனால் அளவெடுக்கும் மைக் ஒன்றால், நல்ல நிலையில் இருக்கும் மற்ற ஸ்பீக்கரை அளந்து அதைப் போல அமைக்க வேண்டும். காதால் மட்டும் அமைக்க முடியாது.

திருத்தியபின் எந்தப் பாட்டில் கேட்டுப் பார்ப்பது?

நான் முதலில் போடுவது தவில். வலந்தலையின் கூர்மை ருவீற்றருக்குப் போகும், தொப்பியின் முழக்கம் வூபருக்கு. இரண்டும் ஒரே தோற்கருவியில் இருந்து, ஒரே இடத்தில் இருந்து வருவதாகக் கேட்க வேண்டும். ருவீற்றர் வயர் மாறி இணைந்திருந்தால் வலந்தலை மெலிந்து, எங்கோ விலகிக் கேட்கும். பிறகு அளவெட்டி பத்மநாதனின் நாதஸ்வரம். கமகம் குறொஸ்ஓவர் புள்ளியைக் கடந்து ஏறி இறங்கும்போது ஒரு படி விழுந்தாலும் தெரிந்துவிடும். கடைசியாக ஒரு தனிப் பெண் குரலை, ஒற்றை ஸ்பீக்கரில் மாறிமாறிப் போட்டு இரண்டும் ஒன்றாகப் பாடுகின்றனவா என்று பாருங்கள்.

இனிப் பழுதாகாமல் வைத்திருப்பது எப்படி?

ஹீற்சிங்க் பக்கத்துக்கும் சுவருக்கும் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். பின்னேர வெயில் படும் ஜன்னலுக்கு நேரே வேண்டாம். பாவிக்காத நேரம் சுவர்ச் சுவிச்சையே அணையுங்கள். ஐப்பசி, கார்த்திகை இடி மின்னலுக்கும் சித்திரை மழைக்கும் பிளக்கையே கழற்றுங்கள். சுவிச் மட்டும் போதாது. கரண்ட் போனால் வந்து சில நிமிஷம் கழித்துப் போடுங்கள்.

எறும்பும் பல்லியும் இங்கே உண்மையான எதிரிகள். ஒரு பெட்டியைத் திறந்தபோது பவர் சப்ளையின் இரண்டு கம்பிகளுக்குக் குறுக்கே காய்ந்த பல்லி ஒன்று கிடந்தது, பியூஸ் போன காரணம் அதுதான். பாவிக்காத துளைகளை மெல்லிய வலையால் மூடுங்கள், காற்றோட்டத் துளையை முழுதாக அடைக்காதீர்கள்.

கொண்டுவரும்போது என்ன சொல்ல வேண்டும்?

எந்த நாட்டில் இருந்து வந்தது, இங்கே எத்தனை வோல்றில் குத்தினீர்கள், பழுது போட்டவுடனா சூடான பிறகா, ஒரு டிரைவரிலா இரண்டிலுமா, முன்பு யாராவது திறந்தார்களா. கடைசிக் கேள்விக்கு ஒளிக்காமல் சொல்லுங்கள். யாரும் கோபிக்கப் போவதில்லை, தேடும் நேரம்தான் மிச்சம். கழன்ற திருகாணி, உடைந்த துண்டு, பழைய ரிமோட், அசல் வயர் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். ஸ்பீக்கரை ஓட்டோவில் படுக்க வைத்தால் வூபர் முகம் மேலே பார்க்கட்டும். கூம்புக்கு மேலே எதையும் வைக்காதீர்கள்.